ஐம்பது வெள்ளி நோட்டும் மூன்றாவது பதிலும்: கலை விமர்சகர் வகுப்பறைக்குத் தரக்கூடியது என்ன?

சிங்கப்பூரின் ஐம்பது வெள்ளி நோட்டின் பின்பக்கத்தை நின்று பார்த்தவர்கள் குறைவு. முன்பக்கத்தில் நாட்டின் முதல் அதிபர் யூசோஃப் இஷாக். பின்பக்கத்தில் வீணை, பீப்பா, கொம்பாங், வயலின் என்று நான்கு வாத்தியங்கள். அவற்றோடு இரண்டு ஓவியங்கள். ஒன்றில் கொடிகளுக்கு நடுவே இரண்டு குரங்குகள், சென் வென் ஸி வரைந்தது. மற்றது சியோங் சூ பியெங் 1978ல் வரைந்தது: கருவாடு காயவைக்கிறார்கள். 1999ல் இந்த நோட்டு வரிசை வந்ததிலிருந்து நம் எல்லோருடைய பணப்பையிலும் இரண்டு ஓவியங்கள் இருந்து வருகின்றன.

இதை ஒரு தொடக்கநிலை மாணவரிடம் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டால் முதல் பதில் ‘காசு’. இரண்டாவது, ‘அழகா இருக்கு டீச்சர்’. மூன்றாவது பதில் பெரும்பாலும் வராது. கருவாடு காயவைக்கும் பெண்களின் கைகால்கள் ஏன் இவ்வளவு நீளம், உடல் ஏன் நிழற்பாவை போல மெலிந்திருக்கிறது என்று கேட்கும் கண், அந்த மூன்றாவது பதிலில்தான் திறக்கும். அதை வரவழைப்பது கலை விமர்சகரின் அன்றாடத் தொழில். கற்பித்தலுக்கு அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டென்றால் அது அவருடைய தீர்ப்பல்ல, தீர்ப்பை அவர் எவ்வளவு தள்ளிப் போடுகிறார் என்பது. இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் நடப்பது மனப்பாடம். அதற்கு உள்ளூர் உதாரணமே இருக்கிறது, பிறகு வருவோம்.

விமர்சகர்கள் வகுப்பெடுக்க வந்தது புதிதல்ல. விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் பெரிய கலை விமர்சகரான ஜான் ரஸ்கின், 1854 முதல் லண்டனில் தொழிலாளர் கல்லூரி ஒன்றில் வரைகலை சொல்லிக் கொடுத்தார். வந்தவர்கள் தச்சர்கள், கைவினைஞர்கள். அவர்களை ஓவியர்களாக்குவது தன் நோக்கமல்ல, தச்சர் தச்சராகவே இன்னும் மகிழ்ச்சியாக வாழ வேண்டும் என்பதுதான் நோக்கம் என்று அவர் அரசு விசாரணைக் குழு முன் சொன்னார். 1857ல் வெளிவந்த அவருடைய பயிற்சி நூல் சதுரம் ஒன்றுக்குள் பேனாக் கோடுகளால் சீரான நிழல் போடுவதில் தொடங்கும். பிறகு சாதாரணக் கல் ஒன்றை எடுத்து வரையச் சொல்வார். கல்லை வரைய முடிந்தவருக்கு மற்றதெல்லாம் வரும் என்பது அவர் கணக்கு. கையைப் பழக்குவதாகத் தோன்றினாலும் அவர் பழக்கியது கண்ணை.

அமெரிக்காவில் கலைக் கல்வியாளர் எட்மண்ட் பர்க் ஃபெல்ட்மன் 1960களின் பிற்பகுதியில் விமர்சகரின் வேலையை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார்: கண்டதைச் சொல்வது, அமைப்பைப் பிரித்துப் பார்ப்பது, பொருள் கொள்வது, கடைசியாக மதிப்பிடுவது. உலகெங்கும் கலை வகுப்புகளில் இந்தப் படிகள் ஏதோ ஒரு வடிவில் புழங்குகின்றன. படிகள் எளிமையானவை, வரிசையைக் காப்பாற்றுவதுதான் சிரமம். பிள்ளைகள் நான்காவது படியிலிருந்து தொடங்குகிறார்கள். பெரியவர்களும் அப்படித்தான், புதுப் படம் பார்த்துவிட்டுத் திரையரங்க வாசலில் நாம் பேசுவதைக் கவனித்தால் போதும்.

ஜான் பெர்ஜர் வேறு வகை. ஓவியராகப் பயின்று, வரைகலை சொல்லிக் கொடுத்து, பிறகு வார இதழில் விமர்சகரானவர். 1972ல் பிபிசிக்காக அரை மணி நேர நிகழ்ச்சிகள் நான்கு செய்தார். முதல் காட்சியிலேயே போட்டிசெல்லியின் ஓவியத்தைக் (நகல்தான்) கத்தியால் வெட்டி, வீனஸின் முகத்தை மட்டும் தனியே எடுப்பார். முழு ஓவியத்தில் புராணக் காட்சி. வெட்டிய துண்டில் வெறும் அழகான பெண் முகம். ஓவியத்தின் ஒரு பகுதியைப் பெரிதாக்கிப் படவில்லையில் போடும் ஒவ்வோர் ஆசிரியரும் இந்தக் கத்தியைத்தான் கையில் வைத்திருக்கிறார், தெரிந்தோ தெரியாமலோ.

அவர் செய்த இன்னொன்று இன்றைக்கும் எந்த வகுப்பிலும் செய்து பார்க்கக்கூடியது. வான்கோவின் ஓவியம்: கோதுமை வயல், மேலே காக்கைகள். முதலில் வெறுமனே காட்டுவார். பிறகு, வான்கோ தன்னைக் கொன்றுகொள்வதற்கு முன் வரைந்த கடைசி ஓவியம் இது என்ற ஒரு வரியைச் சேர்த்து மறுபடி காட்டுவார். அதே வயல், அதே காக்கை. பார்க்கும் கண் வேறாகிவிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த வரியே சரியில்லை. மர வேர்களை வரைந்த படம்தான் கடைசி என்பது ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியகத்தின் இன்றைய நிலை. தவறான ஒரு வரி அரை நூற்றாண்டாகக் கோடிக்கணக்கான கண்களை வழிநடத்தியிருக்கிறது. உயர்நிலை மாணவர்களுக்கு இந்தக் கதையின் இரண்டு பாதிகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதல் பாதி மட்டும் போனால் அது வெறும் வித்தை காட்டுவது.

அதே நிகழ்ச்சியில் கரவாஜியோவின் ஓவியம் ஒன்றைப் பள்ளிப் பிள்ளைகளிடம் காட்டுகிறார். நடுவில் இருப்பவர் ஆணா பெண்ணா என்று பிள்ளைகள் விவாதிக்கிறார்கள். அவர் இயேசு. கலை வரலாறு படித்தவர்கள் அந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டார்கள், பெயர் முன்பே தெரியும் என்பதால்.

இனி உள்ளூருக்கு வருவோம். சிங்கப்பூரில் கலை வரலாறு, விமர்சனம் என்றால் முதலில் வரும் பெயர் டி.கே. சபாபதி. 1938ல் பிறந்தவர். அன்று சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில், கலை அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த மைக்கேல் சல்லிவனிடம் கலை வரலாறு பயின்றவர். பினாங்கிலும் இங்கும் பல்கலைக்கழகங்களில் கற்பித்தார், செய்தித்தாளில் விமர்சனம் எழுதினார், கண்காட்சிகளை அமைத்தார். 1979ல் கோலாலம்பூரில் நன்யாங் (சீனத்தில் ‘தென்கடல்’, அதாவது தென்கிழக்காசியா) ஓவியர்களின் பின்னோக்குக் கண்காட்சி நடந்தபோது, அவரும் மலேசிய ஓவியர் ரெட்சா பியாடாசாவும் சேர்ந்து செய்த வேலை அந்த ஓவியர்களைப் பற்றிய பேச்சுக்கு உருவம் கொடுத்தது. லியூ காங், சென் சோங் ஸ்வீ, சென் வென் ஸி, சியோங் சூ பியெங் ஆகிய நால்வரும் 1952ல் பாலிக்குப் போனது, சீன மை மரபும் பாரிஸ் ஓவிய முறையும் தென்கிழக்காசியக் காட்சிகளும் ஒரே சட்டத்துக்குள் வந்தது: இதெல்லாம் பக்கம் பக்கமாக வாதிட்டு நிறுவப்பட வேண்டியிருந்தது.

அந்த வாதம் பாடமாக இறங்கியபோது என்ன ஆனது? ‘நன்யாங் பாணி’ என்ற இரண்டு சொற்கள். பாலிப் பெண், பத்திக் துணி, வெப்பமண்டலச் செடி கண்ணில் பட்டால் ‘நன்யாங் பாணி’ என்று எழுது, மதிப்பெண் வரும். சபாபதி எத்தனை ஓவியங்களை எவ்வளவு நேரம் பார்த்து அந்த இடத்துக்கு வந்தார் என்பது காணாமல் போய், வந்து சேர்ந்த இடம் மட்டும் மிஞ்சியது. இது அவர் தவறல்ல. விமர்சகரின் முடிவை எடுத்துக்கொண்டு அவருடைய வழியை விட்டுவிட்டால் எங்கேயும் இதுதான் நடக்கும். திருக்குறளுக்குப் பரிமேலழகர் உரையை மட்டும் ஒப்பிக்கிற மாணவருக்குக் குறள் தெரியுமா என்ற பழைய கேள்விதான் இது.

அப்படியென்றால் வழியை எப்படி வகுப்புக்குள் கொண்டுவருவது? ஒரு பாட வேளை, நாற்பது நிமிடம், தமிழ் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். கலை வகுப்பைவிடத் தமிழ் வகுப்பே இதற்குப் பொருத்தமானது என்பது எங்கள் துணிபு. பல பள்ளிகளில் தமிழ் வகுப்பு சிறியது, எல்லோரும் பேசலாம்.

படம்: சுவா மியா தீ 1959ல் வரைந்த ‘தேசிய மொழி வகுப்பு’. தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. வட்ட மேசை, அதைச் சுற்றிப் பெரியவர்கள், மேசைமேல் திறந்த புத்தகங்கள். கரும்பலகையில் இரண்டு மலாய் வரிகள்: ‘சியாப்பா நாமா காமு? டி-மானா ஆவாக் திங்கால்?’ உன் பெயர் என்ன, நீ எங்கே வசிக்கிறாய். மொழி வகுப்பில் உட்கார்ந்துகொண்டு மொழி வகுப்பு ஒன்றைப் பார்ப்பதில் பிள்ளைகளுக்கு இயல்பாகவே ஓர் ஈர்ப்பு வரும்.

முன்னேற்பாடு கொஞ்சம். திரையில் மட்டும் போட்டால் விளக்கு வெளிச்சத்தில் நிறம் வெளுத்து, ஓர முகங்கள் மங்கிவிடும். நான்கு பேருக்கு ஒன்றாக ஏ3 தாளில் வண்ண நகல் எடுங்கள். தலைப்பு, ஆண்டு, ஓவியர் பெயர் மூன்றையும் மறைத்துவிடுங்கள். அசல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலம். வெண்பலகையில் மாஸ்கிங் டேப்பால் அந்த அகலத்துக்கு ஒரு சட்டம் ஒட்டி வைத்தால், கையிலுள்ள தாளுக்கும் அசலுக்கும் உள்ள தூரம் சொல்லாமலே புரியும். தாளில் பார்ப்பது நகல் என்பதைப் பிள்ளைகள் மறந்துபோவதுதான் பெர்ஜருக்கு இருந்த பெரிய கவலை. அதற்கு இந்த டேப் போதுமான மருந்து.

பத்துப் பன்னிரண்டு சொற்களையும் முன்கூட்டியே பலகை ஓரத்தில் எழுதிவிடுங்கள்: குனிந்து, சாய்ந்து, எட்டிப் பார்த்து, உற்றுப் பார்த்து, முழங்கையை ஊன்றி, விளிம்பில், பின்னணியில், வெளிர், அடர், நிழல், எதிரெதிரே, ஓரமாக. இந்தச் சொற்கள் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் ஐந்தாவது நிமிடத்தில் பேச்சு ஆங்கிலத்துக்குப் போய்விடும். கவனிக்கத் தெரியாமல் அல்ல, கவனித்ததைச் சொல்லத் தமிழ்ச் சொல் இல்லாமல். ஆங்கிலச் சொல் வந்தால் கண்டிக்க வேண்டாம். அதற்கான தமிழ்ச் சொல்லைப் பலகையில் எழுதிவிட்டு மேலே போகலாம்.

முதல் இரண்டு நிமிடம் மௌனம். கடிகாரம் வைத்து இரண்டு நிமிடம். இது நினைப்பதைவிட நீளமானது. நாற்பதாவது நொடியில் நாற்காலிகள் அசையத் தொடங்கும். ஆசிரியர் தாங்காமல் பேசிவிடுவது இங்கேதான். பேசாதீர்கள். ‘பார்த்தாச்சு’ என்று நினைத்த பிறகு பார்க்கிற பார்வையில்தான் ஓர முகங்கள் தெரிய வரும்.

அடுத்த பத்து நிமிடம் கண்டதைச் சொல்வது. பலகையை இரண்டாகப் பிரியுங்கள்: இடப்பக்கம் ‘கண்ணில் பட்டது’, வலப்பக்கம் ‘நினைத்தது’. ‘டியூஷன் நடக்குது’ என்று ஒருவர் சொன்னால் அது வலப்பக்கம். ‘மேசை வட்டமா இருக்கு’ என்றால் இடப்பக்கம். எது எங்கே என்று பிள்ளைகளே சண்டை போடட்டும். ‘எல்லாரும் பெரியவங்களா இருக்காங்க’ என்று யாராவது சொல்வார்கள். அந்த வகுப்பின் நல்ல கேள்வி அங்கே பிறந்துவிட்டது. பெரியவர்கள் எதற்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்?

அமைப்புக்கு ஆறு நிமிடம் போதும். வெளிச்சம் எங்கே விழுகிறது, மேசை சதுரமாக இருந்திருந்தால் யார் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

பொருள் கொள்வதற்குப் பன்னிரண்டு நிமிடம். இங்கே ஒரே ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்: ‘எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?’ படங்களைக் கொண்டு சிந்தனையைப் பழக்கும் முறையை உருவாக்கிய அபிகெய்ல் ஹவ்சன், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவை நடத்திய ஃபிலிப் யெனவைன் ஆகியோரின் மூன்று கேள்விகளில் இது நடுவிலுள்ளது. முதலாவது, படத்தில் என்ன நடக்கிறது. மூன்றாவது, வேறென்ன தெரிகிறது. தமிழில் ‘ஏன்’ என்று கேட்டால் பிள்ளை தற்காப்புக்குப் போய்விடும். நம் வீடுகளில் ‘ஏன்’ என்ற சொல் பெரும்பாலும் கண்டிப்போடுதான் வருகிறது. ‘எதைப் பார்த்து’ என்றால் கண் படத்துக்குத் திரும்பும். ஒரு சொல் மாற்றம்தான்.

கடைசியில் தலைப்பு, ஆண்டு. 1959 சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற ஆண்டு, மலாய் தேசிய மொழி. பலகையின் வலப்பக்கத்தில் இருப்பவற்றில் எவை நிற்கின்றன, எவை விழுகின்றன என்று பிள்ளைகளே கோடு போடட்டும். கூர்மையான பிள்ளை ஒன்று கரும்பலகையில் ‘நீ’ என்பதற்கு ஒரு வரியில் ‘காமு’ என்றும் அடுத்த வரியில் ‘ஆவாக்’ என்றும் இருப்பதைப் பிடித்துவிடும். அங்கிருந்து நம் நீ, நீங்கள், தாங்கள் வரை போகலாம். மீதி ஆறு நிமிடம் எழுதுவதற்கு: ஆளுக்கு இரண்டு வாக்கியம், ஒன்று இடப்பக்கத்திலிருந்து, ஒன்று வலப்பக்கத்திலிருந்து.

இந்த இரண்டு வாக்கியங்களில்தான் தமிழாசிரியருக்கு உண்மையான இலாபம். விமர்சகர் கண்டதையும் ஊகித்ததையும் பிரிப்பதற்குத் தமிழ் தன் வினைமுற்றிலேயே இடம் வைத்திருக்கிறது. ‘பெரியவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள்’: கண்டது. ‘இவர்கள் மாணவர்களாக இருக்கலாம்’: ஊகம், பலவீனமானது. ‘புத்தகம் திறந்திருப்பதால் மாணவர்களாகத்தான் இருக்க வேண்டும்’: ஊகம், சான்றோடு. ‘வேலை முடிந்து வந்தவர்கள் போலிருக்கிறது’: தோற்றத்தை வைத்துச் சொல்வது. ‘மாணவர்களாம்’ என்றால் யாரோ சொல்லக் கேட்டது. இலக்கண வகுப்பில் தனித்தனியாக நடத்தினால் தூக்கம் வரும் விகுதிகள், ஒரே ஓவியத்தைப் பேசும்போது தேவையாகவே வந்து நிற்கின்றன.

உணர்ச்சியைப் பேசவும் நமக்குப் பழைய கருவி ஒன்று இருக்கிறது. ‘சோகமா இருக்கார்’, ‘ஹேப்பியா இருக்காங்க’ என்ற இரண்டு பெட்டிகளில் பிள்ளைகள் எல்லா முகங்களையும் போட்டுவிடுவார்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு வைத்திருக்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. மெய்ப்பாடு என்றால் உடலில் தெரிவது. ஓவியத்தில் இருப்பதும் அது மட்டுமே. அதோடு விடாமல் ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்காகச் சொல்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை: பிறர் இகழ்ந்தது, இழந்தது, இருந்த நிலை கெட்டது, இல்லாமை. படத்திலுள்ளவர் சோகமாக இருக்கிறார் என்றால் நான்கில் எது, எதைப் பார்த்துச் சொல்கிறாய் என்று கேட்கலாம். பெருமிதத்தின் நான்கில் முதலாவது கல்வி. ‘தேசிய மொழி வகுப்பு’ முகங்களில் அது இருக்கிறதா, அல்லது புதுமை கண்டு மருளும் மருட்கை இருக்கிறதா என்பது உயர்நிலை மாணவர்கள் ஒரு மணி நேரம் பேசக்கூடிய கேள்வி. எட்டையும் ஒரே நாளில் கொடுத்தால் அதுவும் மனப்பாடப் பட்டியலாகிவிடும். வகுப்புக்கு இரண்டு போதும்.

எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதிகம் நடப்பது, ஆசிரியரின் பாராட்டு. ‘சரியான பதில், மிக நன்று’ என்று ஒருவருக்குச் சொன்ன கணத்தில் மற்ற கைகள் இறங்கிவிடும். விடை வந்துவிட்டது, இனி எதற்கு? பாராட்டுக்குப் பதில் அவர் சொன்னதை இன்னும் திருத்தமான தமிழில் திருப்பிச் சொல்லுங்கள், படத்தில் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள், முன்பு வேறொருவர் சொன்னதோடு இணையுங்கள். பிள்ளைக்குத் தான் கேட்கப்பட்டது தெரியும், நல்ல வாக்கியமும் காதில் விழும்.

இரண்டாவது, ‘எல்லாக் கருத்தும் சரி’ என்ற தாராளம். விமர்சனத்தை வகுப்புக்குக் கொண்டுவருகிற ஆர்வத்தில் பலர் இதில் விழுகிறார்கள். எல்லாம் சரியென்றால் பார்க்கவே தேவையில்லை. மேசையைச் சுற்றி இருப்பவர்கள் சாப்பிடுகிறார்கள் என்று ஒருவர் சொன்னால் அது தவறு. மேசையில் உணவு இல்லை. தவறு என்று ஆசிரியர் அறிவிக்க வேண்டாம், படமே அறிவிக்கும், ஆனால் அறிவிக்க விட வேண்டும்.

மூன்றாவது, தேர்வு. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ தமிழில் வாய்மொழிக்கு 200ல் 50 மதிப்பெண். அதில் ஒரு காணொளியைப் பார்த்துப் பேச வேண்டும். இந்தப் பயிற்சி அதற்கு நேரடியாக உதவும். காணொளியில் என்ன நடந்தது என்று கேட்டதும் ‘நாம் அனைவரும் ஒற்றுமையாக வாழ வேண்டும்’ என்று நீதிக்குத் தாவும் பிள்ளை, ஃபெல்ட்மன் கணக்கில் மூன்று படிகளைத் தாண்டிவிட்டது. ஆனால் இரண்டு பத்திப் பட்டியலையே ஒரு வார்ப்புருவாக்கி, ‘முதலில் நான் கண்டது, அடுத்து நான் நினைத்தது’ என்று ஒப்பிக்க வைத்தால் ‘நன்யாங் பாணி’க்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேரும். ‘கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டினான்’ என்று தொடங்கும் கட்டுரைகள் ஏற்கெனவே போதுமான அளவு நம்மிடம் இருக்கின்றன.

ஒரு பருவத்துக்கு இப்படி மூன்று படங்கள் போதும். கலைக்கூடம் போக முடிந்தால் போங்கள். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது நுழைவு இலவசம். முடியாவிட்டால் லிட்டில் இந்தியாவில் பெலிலியோஸ் லேன் பக்கம் பழைய தொழில்களைக் காட்டும் சுவரோவியம் இருக்கிறது; அங்கே தலைப்பை மறைக்கிற வேலையும் மிச்சம். படத்துக்குப் படம் பலகையின் இடப்பக்கம் நீள்கிறதா என்று மட்டும் குறித்து வையுங்கள். வலப்பக்கம் எப்போதும் நீளமாகத்தான் இருக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பெர்ஜர் தன் முதல் நிகழ்ச்சியின் முடிவில் பார்வையாளர்களிடம், நான் அடுக்கிக் காட்டியதை யோசித்துப் பாருங்கள், ஆனால் அப்படியே நம்பிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வார். அந்த வேண்டுகோள் வகுப்பில் பலித்தால், தலைப்பைச் சொல்லி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ‘நீங்க எதைப் பார்த்து சொல்றீங்க சார்?’ என்று ஒரு குரல் வரும். அதற்கும் பதில் தயாராக இருக்க வேண்டும். ஆண்டையும் ஓவியர் பெயரையும் எங்கிருந்து எடுத்தோம் என்பதைத் தாளின் பின்புறம் குறித்துக்கொண்டு போவது நல்லது.

வீட்டுப்பாடமாக ஐம்பது வெள்ளி நோட்டைக் கொடுக்கலாம்: கருவாடு காயவைக்கும் படத்தில் கண்ணில் பட்டது ஐந்து, நினைத்தது ஒன்று. நோட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பெற்றோருக்குச் செய்தி மட்டும் அனுப்பிவிடாதீர்கள். நாணய ஆணையத்தின் இணையத்தளத்தில் இருக்கும் படமே போதும்.